ரிப்போர்ட்ல ஏறாத விஷயம்

கேட்டிருந்த கேள்வி இதுதான்: "ஒரு சர்வதேச வளர்ச்சி அமைப்போட சென்னை ஆஃபீஸ்ல நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் வேலைக்கு சேர்ந்திருக்கேன். முதல் வேலையா ஒரு போர்ட்டல் டிசைன் பண்ணச் சொல்லியிருக்காங்க. உலக வங்கி, ஐநா மாதிரி பெரிய இடங்கள்ல இதை எப்படிப் பண்றாங்க? அவ்வளவு ரிப்போர்ட் இருந்தும் ஏன் அதே தப்பு திரும்பத் திரும்ப நடக்குது? நான் எங்க இருந்து ஆரம்பிக்கறது?"

நான் பதினெட்டு வருஷமா இந்த வேலையோட ஒட்டிக்கிட்டே இருக்கேன். தண்ணி, சுகாதாரம், குழந்தைங்க ஊட்டச்சத்துன்னு பல ப்ராஜெக்ட்டுகள்ல ஆவணப்படுத்தறது, ஒரு ஊர்ல கத்துக்கிட்டதை இன்னொரு ஊருக்குக் கொண்டு போறது, நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்னு சொல்ற இந்த அறிவு மேலாண்மைதான் என் பொழப்பு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். ரிப்போர்ட்டெல்லாம் சேர்த்து வைக்கற அந்த வெப்சைட்டை, அதான் போர்ட்டலை, கடைசியா வெச்சுக்கோங்க. இந்த மாதிரி அமைப்புகள்ல அறிவுங்கறது பெரும்பாலும் வேலையைச் செஞ்ச ஆள்கிட்டதான் இருக்கு. பேப்பர்ல ஏறுறது "என்ன செஞ்சோம்"ங்கறது மட்டும்தான், "அது ஏன் அந்த ஊர்ல பலிச்சது"ங்கறது பெரும்பாலும் ஏறாது, ஆனா அடுத்த ஊர்க்காரனுக்குத் தேவைப்படறது அந்த ரெண்டாவது விஷயம்தான்.

இதுக்கு நம்ம ஊர்ல இருந்தே ஒரு கேஸ் சொல்றேன். இந்தத் துறையில உலகம் பூரா பாடமா எடுக்கற கேஸ் இது, ஆனா இங்க நிறைய பேருக்குத் தெரியாது. 1980-ல உலக வங்கிக் கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மதுரை பக்கம் ஆரம்பிச்சு 6 மாவட்டத்து கிராமங்களுக்குப் போச்சு. 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களை மாசா மாசம் எடை போடுவாங்க, அட்டையில புள்ளி வெச்சுக் கோடு இழுப்பாங்க, எடை ஒழுங்கா ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு உருண்டை குடுப்பாங்க, எடை ஏறிடுச்சுன்னா நிறுத்திடுவாங்க, கூடவே அம்மாகிட்ட உக்காந்து எப்போ இணை உணவு ஆரம்பிக்கணும், வயித்துப்போக்கு வந்தா என்ன பண்ணணும்னு பேசுவாங்க. 1982-ல எம்ஜிஆர் கொண்டு வந்த சத்துணவுத் திட்டம் பிள்ளைங்க எல்லாருக்கும் சோறு போட்டுச்சு, இது அதுக்கு நேர்மாறா யாருக்குத் தேவையோ அவங்களுக்கு மட்டும், தேவைப்படற நாளுக்கு மட்டும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். அதே ஊர்ப் பொண்ணா இருக்கணும், ஏழையா இருந்தும் தன் குழந்தையை நல்லா வளர்த்த அம்மாவா இருந்தா முன்னுரிமை. அப்படி ஒருத்தி "இருக்கறத வெச்சே இப்படிப் பண்ணு"ன்னு சொன்னா பக்கத்து வீட்டுக்காரி கேப்பா, வெளியூர் நர்ஸ் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவா.

கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமா குறைஞ்சது, உலக வங்கி வட்டாரத்துல இது பெரிய பேர் வாங்குன திட்டம் ஆச்சு. சரி, இவ்வளவு நல்லா நடந்ததை மத்த நாட்டுக்கும் கொண்டு போகலாம்னு 1995-ல வங்கதேசத்துல கிட்டத்தட்ட அதே அச்சுல ஒரு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பிச்சாங்க. எடை போடுறது, அம்மாவுக்கு ஆலோசனை, எடை ஏறாத குழந்தைக்கு உணவு, ஊருக்குள்ள இருந்தே பெண் பணியாளர், எல்லாமே இருந்துச்சு. நியாயமாப் பார்த்தா இதுதானே அறிவுப் பகிர்வு? ஆனா எதிர்பார்த்த அளவுக்குப் பலன் வரல. உலக வங்கியோட மதிப்பீட்டுப் பிரிவே 2005-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, அதுல வந்த விஷயம்தான் முக்கியம். அம்மாக்களுக்கு ஆலோசனை போய்ச் சேர்ந்துச்சு, அவங்க கத்துக்கவும் கத்துக்கிட்டாங்க, ஆனா கத்துக்கிட்டது நடைமுறைக்கு வரல. வங்கதேச கிராமத்துல நிறைய வீட்ல சந்தைக்குப் போய் சாமான் வாங்கறது ஆம்பளை, கூட்டுக் குடும்பத்துல அடுப்படியில முடிவெடுக்கறது மாமியார். இளம் அம்மாகிட்ட மட்டும் எவ்வளவு சொன்னாலும் அவ கையில அதிகாரம் இல்ல. குடுத்த உணவும் சில வீட்ல வழக்கமான சாப்பாட்டுக்குக் கூடுதலா போகாம அதுக்குப் பதிலாப் போச்சு.

தமிழ்நாட்டு அனுபவத்தைப் பத்தி எழுதுன ஆவணங்கள்ல எடை மெஷின், அட்டை, உருண்டை, பயிற்சி எல்லாம் விலாவாரியா இருக்கும். "இங்க பிள்ளைக்கு என்ன ஊட்டணும்னு பெரும்பாலும் அம்மாவே முடிவெடுக்க முடியும்"ங்கறது யாருக்கும் எழுதணும்னு தோணாது, ஏன்னா இங்க இருக்கறவங்களுக்கு அது காத்து மாதிரி, கண்ணுக்கே தெரியாது. இந்த வேலையைச் செஞ்ச ஒரு பணியாளரைக் கூட்டிட்டுப் போய் வேத்து நாட்டு கிராமத்துல ஒரு வாரம் உக்கார வெச்சீங்கன்னா, அவ முதல்ல கேக்கற கேள்வியே "இந்த வீட்ல அரிசி பருப்பு யாரு வாங்கறா, யாரு அளந்து போடறா"ங்கறதாதான் இருக்கும்னு நான் நம்பறேன். அந்தக் கேள்வி எந்த டேட்டாபேஸ்லயும் இருக்காது, அது அவ தலைக்குள்ள இருக்கு.

இப்ப உலக வங்கி இதை எப்படி அணுகுச்சுன்னு பார்ப்போம், ஏன்னா மத்த அமைப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட அந்தப் பாதையிலதான் பின்னாடி வந்தாங்க. 1992-ல வாப்பன்ஹான்ஸ்ங்கற துணைத் தலைவர் தலைமையில ஒரு உள் அறிக்கை வந்துச்சு. 1981-ல திருப்தி இல்லைன்னு மதிப்பிட்ட ப்ராஜெக்ட் 15 சதவீதம், 1991-ல அது 37.5 சதவீதம். காரணம் என்னன்னு பார்த்தா, கடனுக்கு ஒப்புதல் வாங்கறவங்களுக்குத்தான் உள்ள மரியாதை, அதுக்கப்புறம் அந்த ப்ராஜெக்ட் ஊர்ல என்ன ஆச்சுன்னு பின்னாடியே போறவங்களுக்கு மரியாதை கம்மி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

1995-ல ஜேம்ஸ் வொல்ஃபன்சன் தலைவரா வந்தார். 1996 ஆண்டுக் கூட்டத்துல, நாம வெறும் பணம் குடுக்கற வங்கியா இருந்தா போதாது, அறிவு வங்கியா ஆகணும்னு அறிவிச்சார். அதுக்குப் பின்னாடி உள்ளுக்குள்ள தள்ளிட்டிருந்தவர் ஸ்டீஃபன் டென்னிங்னு ஒரு ஆஸ்திரேலியர், ஆப்பிரிக்கா பகுதியில டைரக்டரா இருந்தவர். அவர் சார்ட்டும் வரைபடமும் வெச்சு விளக்கிப் பார்த்திருக்கார், யாருக்கும் ஏறல. அப்புறம் ஒரே ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்ல ஆரம்பிச்சார். 1995 ஜூன்ல ஜாம்பியாவுல ஒரு குட்டி ஊர்ல இருந்த சுகாதாரப் பணியாளர் ஒருத்தர் மலேரியா சிகிச்சை பத்தி ஒரு சந்தேகத்துக்கு இன்டர்நெட்ல அட்லாண்டாவுல இருக்கற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட தளத்துக்குப் போய் பதில் எடுத்துக்கிட்டார். இந்தப் படத்துல உலக வங்கி எங்கயும் இல்ல, வறுமை பத்தி இத்தனை அனுபவம் இருந்தும் நாம அங்க இல்ல, இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டார். அது உள்ள போய் தைச்சது.

அப்புறம் அவங்க பண்ணதுல எது உருப்படியா வேலை செஞ்சுதுன்னா, தீமேட்டிக் குரூப்ஸ்னு சொல்ற குழுக்கள். ரோடு போடறவங்க ஒரு குழு, தண்ணி ஒரு குழு, ஆரம்பக் கல்வி ஒரு குழு, இப்படி நூத்துக்கும் மேல உருவாச்சு, கொஞ்சம் பட்ஜெட்டும் குடுத்தாங்க, கேள்வி வந்தா பதில் தேடித் தர ஹெல்ப் டெஸ்க்கும் வெச்சாங்க. 1998-ல பாகிஸ்தான்ல நடந்தது அடிக்கடி சொல்லப்படற உதாரணம். அங்க நெடுஞ்சாலை மேற்பரப்பு சீக்கிரமே பிளந்து போய்க்கிட்டிருந்துச்சு, வேற ஒரு டெக்னாலஜி போடலாமான்னு அரசாங்கம் உடனே ஆலோசனை கேட்டுச்சு. பழைய முறைன்னா ஒரு நிபுணரைப் பிடிச்சு, ஒப்பந்தம் போட்டு, அவர் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதி முடிக்க மாசக்கணக்கா ஆகும். இந்தத் தடவை அங்க இருந்த அலுவலர் ரோடு குழுவுக்கு மெயில் போட்டார். ரெண்டே நாள்ல ஜோர்டான்ல வேலை பார்க்கறவர் நாங்க இதைப் போட்டுப் பார்த்தோம், இப்படி இருக்குன்னு எழுதறார், அர்ஜென்டினாவுல இருந்து ஒருத்தர், அப்புறம் தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்துல இருந்தும் அனுபவம் வருது. பாகிஸ்தானுக்கு எதைச் செய்யலாம்னு ஒரு ஆரம்பம் கிடைச்சிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, முதல்ல ஒரு நிஜக் கேள்வி வந்துச்சு, அது கேக்கறவருக்கு அவசரமா வேணும், பதில் சொன்னவங்க தாங்களே செஞ்சவங்க, ஒருத்தரை ஒருத்தர் ஓரளவுக்குத் தெரியும் அதனால நம்பிக்கை இருந்துச்சு. யாரும் ஒரு களஞ்சியத்துக்குள்ள போய்த் தேடல. களஞ்சியம் வேணாமான்னா வேணும், அந்த உரையாடல் முடிஞ்சப்புறம் அதைச் சேர்த்து வைக்கறதுக்கு வேணும்.

அதே வங்கியில இன்னொரு பக்கத்தையும் பாருங்க. 2014-ல அவங்க ஆய்வாளர்களே ரெண்டு பேர், தங்களோட கொள்கை அறிக்கைகளை யார் படிக்கறாங்கன்னு கணக்கு எடுத்தாங்க. கிட்டத்தட்ட 1,600 அறிக்கை. அதுல 31 சதவீதத்துக்கு மேல ஒரு தடவைகூட டவுன்லோட் ஆகல, 87 சதவீதம் கிட்ட எங்கயும் மேற்கோள் காட்டப்படல. இதை வெச்சு உலக வங்கியைத் திட்டறவங்க நிறைய பேர், நான் அதைச் செய்ய மாட்டேன், ஏன்னா இதைத் தானே எண்ணிப் பார்த்து வெளியில போட்டதுக்கே ஒரு நேர்மை வேணும், மத்த எத்தனையோ அமைப்புகள் எண்ணவே இல்ல. அதோட சில அறிக்கை ஒரு நாட்டு நிதி அமைச்சகத்துல பத்து பேர் படிச்சா போதும், அவங்களுக்கு மெயில்லயே போயிருக்கும், டவுன்லோட் கணக்குல வராது. ஆனாலும் ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்னாடி எத்தனை மாச உழைப்பு, எத்தனை கிராமத்து மக்கள் தங்களோட நேரத்தைக் குடுத்துப் பதில் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சா மனசு கஷ்டமாதான் இருக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னா மறுபடியும் அந்த 1992 விஷயத்துக்கே வரணும். அறிக்கையை முடிச்சு ஒப்படைச்சா மார்க் கிடைக்கும், அதை அடுத்தவன் உபயோகிச்சானான்னு யாரும் கேக்கப் போறதில்ல. பக்கத்து நாட்டுல இருக்கற சக ஊழியருக்கு மூணு மணி நேரம் ஒதுக்கி போன்ல விளக்குனா, அந்த மூணு மணி நேரத்தை எந்தப் பட்ஜெட் கோடுல எழுதறதுன்னே தெரியாது. 2014-லயும் 2015-லயும் வந்த அவங்க தனி மதிப்பீட்டுக் குழுவோட அறிக்கையும் இதையேதான் சொல்லுச்சு, ஊழியர்கள் கத்துக்கறது பெரும்பாலும் சக ஊழியர்கிட்ட இருந்துதான், எழுதி வெச்ச ஆவணத்துல இருந்து கம்மி, கத்துக்கறதுக்கும் கத்துக் குடுக்கறதுக்கும் நிறுவனத்துல ஊக்கம் பத்தலைன்னு. இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் நோய் அதேதான்.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், தரவைத் திறந்து விட்டது பெரிய மாற்றம். 2010 ஏப்ரல்ல அதுவரைக்கும் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியிருந்த புள்ளிவிவரத்தை எல்லாருக்கும் இலவசமாக்குனாங்க, 2012-ல அறிக்கைகளும் திறந்த உரிமத்துல வந்துச்சு. இன்னிக்கு திருச்சியில இருக்கற ஒரு காலேஜ் பையன் காசில்லாம அதை எடுத்து வேலை செய்ய முடியுதுன்னா அதுதான் காரணம்.

இப்ப நான் உங்களுக்கு உண்மையிலேயே காட்ட விரும்பற மாதிரி வேற ஒண்ணு, அதுவும் இந்தியாவுலயே நடந்தது. 2005-ல இந்தியாவுல இருக்கற ஐநா அமைப்புகள் சேர்ந்து சொல்யூஷன் எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பார்க்க சாதாரண மெயில் குழுதான். தண்ணி, ஊட்டச்சத்து, எய்ட்ஸ், பஞ்சாயத்து அதிகாரப் பரவல், மைக்ரோஃபைனான்ஸ்னு தலைப்பு வாரியா குழு. ஒரு மாவட்ட அதிகாரியோ என்ஜிஓ ஆளோ "எங்க பக்கம் இந்தப் பிரச்சனை, யாராவது சமாளிச்சிருக்கீங்களா"ன்னு கேப்பாங்க. அது நேரா குழுவுக்குப் போகாது. ஒரு மாடரேட்டர் இருப்பார், அந்தத் துறை தெரிஞ்சவர், சம்பளத்துக்கு முழு நேரமா இதே வேலை. அவர் கேட்டவர்கிட்ட பேசி "உங்களுக்கு உண்மையில என்ன தெரியணும்"னு கேள்வியைத் தீட்டி அனுப்புவார். ஒரு வாரம் பத்து நாள் பதில் வரும், வரலைன்னா யாருக்குத் தெரியும்னு அவரே போன் போட்டு எழுத வைப்பார். கடைசியில எல்லாப் பதிலையும் சேர்த்து, முரண்படற அனுபவத்தையும் மறைக்காம, யாரைத் தொடர்பு கொள்ளலாம், எந்த ஆவணம் பார்க்கலாம்னு ஒரு தொகுப்புப் பதில் தயார் பண்ணி எல்லாருக்கும் அனுப்புவாங்க. இதுக்குன்னு ஒரு ஆராய்ச்சி உதவியாளர் கூடவே இருப்பார்.

நான் அந்தத் தொகுப்புகளை வெச்சே நிறைய கத்துக்கிட்டேன். ஒரு ராஜஸ்தான்காரர் எழுதுன பதில்ல நம்ம ராமநாதபுரம் பக்கத்து ஊருணிக்கு வேண்டிய விஷயம் இருந்திருக்கு. இது பின்னாடி பூட்டானுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போச்சு. இந்த முறையோட பலமும் பலவீனமும் ஒண்ணுதான், அந்த மாடரேட்டர். அவருக்கு சம்பளம் குடுக்கற வரைக்கும் உயிர் இருக்கும், நிதி குறைஞ்சதும் குழு அமைதியாயிடும். நிதி குடுக்கற டோனர்கிட்ட "ஒரு சாஃப்ட்வேர் வாங்கணும்"னு கேட்டா காசு வரும், "அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு சம்பளம்"னு கேட்டா தயங்குவாங்க. என் அனுபவத்துல அறிவுப் பகிர்வுக்குன்னு செலவழிக்கற காசுல ஆளுக்குப் போறதுதான் திரும்பி வருது. நீங்க உங்க மேலதிகாரிகிட்ட இந்த ஒரு வாதத்தை மட்டுமாவது ஜெயிச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

எனக்கே நேர்ந்த ஒண்ணும் சொல்றேன். ஒரு குடிநீர் ப்ராஜெக்ட், அமைப்போட பேர் வேணாம். ஃபீல்ட்ல ஆறு வருஷம் இருந்த ஒரு பெண் அலுவலருக்கு மார்ச் 31 ஓட ஒப்பந்தம் முடியுது. எந்தக் கிராமத்துல யார் வால்வைத் திறப்பாங்க, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, கோயில் திருவிழா சமயத்துல ஏன் மீட்டிங் வைக்கக் கூடாது, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஹேண்ட்ஓவர் நோட் எழுதச் சொன்னோம், டெம்ப்ளேட் குடுத்தோம், அவங்களும் நாலு பக்கம் ஒழுங்கா எழுதிக் குடுத்தாங்க, அதுல நான் மேல சொன்ன ஒண்ணுகூட இல்ல, ஏன்னா டெம்ப்ளேட்ல அதுக்குக் கட்டமே இல்ல. அந்த டெம்ப்ளேட்டை உருவாக்கின குழுவுல நானும் இருந்தேன். அடுத்து வந்த பையன் ரெண்டாவது மாசமே தண்ணிக் கமிட்டி மீட்டிங்கை ஒரு தெருக்காரங்க வீட்டுத் திண்ணையில வெச்சுட்டான், மத்த தெரு மொத்தமும் விலகிடுச்சு, அதைச் சரி பண்ண ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த அம்மாவை ரெண்டு நாள் அவனோட பஸ்ல கூட அனுப்பியிருந்தா போதும். அந்த ரெண்டு நாள் படிக்காசுக்கு அனுமதி வாங்க முடியலைங்கறதுதான் காரணம். இப்பவும் அதை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு.

பெரிய அளவுல இதே கதைதான். 2004 சுனாமிக்கப்புறம் நாகப்பட்டினத்துக்கு நூத்துக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்குச்சு. பழைய துணி மூட்டை மூட்டையா வந்து ரோட்டோரம் கிடந்ததை அங்க இருந்த எல்லாரும் பார்த்தோம், மீனவர் யார்கிட்டயும் கேக்காம குடுத்த படகு பல இடத்துல கடலுக்குப் போற தரத்துல இல்ல. அப்பவே நல்லதும் ஒண்ணு நடந்துச்சு. ஏற்கனவே மீனவர்களோட வேலை செஞ்சுட்டிருந்த சிஃப்ஸ், ஸ்நேகா அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோட ஒத்துழைச்சு ஒரு ஒருங்கிணைப்பு மையம் ஆரம்பிச்சாங்க. யார் எந்த ஊர்ல என்ன செய்யறாங்க, எந்த ஊருக்கு இன்னும் எதுவும் போகல, அரசாணை என்ன சொல்லுது, இந்தத் தகவலைச் சேர்த்துப் பகிர்ந்ததுதான் அவங்க வேலை. அறிவு மேலாண்மைன்னு அப்ப யாரும் அதுக்குப் பேர் வைக்கல, ஆனா நான் பார்த்ததுலயே நல்ல அறிவு மேலாண்மை அதுதான்.

சுனாமி உதவியைப் பத்தி 40-க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டு மதிப்பீடு பண்ணாங்க, 2006-லயும் 2007-லயும் அறிக்கை வந்துச்சு. முதல் நாள்கள்ல உயிரைக் காப்பாத்தினது உள்ளூர் மக்கள்தான், வெளி அமைப்புகள் அவங்க திறமையை மதிச்சு அதுக்கு மேல கட்டணும், ஓரம் தள்ளக் கூடாதுன்னு தெளிவா எழுதினாங்க. ருவாண்டா இனப்படுகொலைக்கப்புறம் 1996-ல வந்த நிவாரணப் பணி மதிப்பீட்டோட தொடர்ச்சியாதான் அலனாப்ங்கற, நிவாரண அமைப்புகளோட கற்றல் வலையமைப்பே 1997-ல உருவாச்சு, அதனால கத்துக்கற ஏற்பாடும் இல்லாம இல்ல. இவ்வளவு இருந்தும் 2010 ஜனவரியில ஹைட்டி பூகம்பம் வந்தப்ப, ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஏர்போர்ட் பக்கத்துல ஐநா தளத்துக்குள்ள நடந்துச்சு, பல கூட்டம் இங்கிலீஷ்ல. ஹைட்டி மக்கள் பேசறது கிரியோலும் ஃபிரெஞ்சும். உள்ளூர் அமைப்புகாரங்க கேட்டைத் தாண்டி உள்ள வர்றதே கஷ்டம், வந்தாலும் மொழி புரியாது. பாடம் எழுதப்பட்டிருந்துச்சு, ஆனா அன்னிக்கு ராத்திரி ஃபிளைட் பிடிச்சு வந்து இறங்கின ஆளோட கைக்கு, அவர் முடிவெடுக்கற நிமிஷத்துல, அது வந்து சேரல. அதனாலதான் "லெசன்ஸ் லேர்ன்ட்"னு அறிக்கைக்குக் கடைசியில ஒரு அத்தியாயம் எழுதறதை நான் கத்துக்கிட்டதா எண்ண மாட்டேன், அடுத்த தடவை யாராவது வேற மாதிரி நடந்துக்கிட்டாதான் அது கத்துக்கிட்டது.

மொழி விஷயத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். மேல இருந்து கீழ போறது இங்கிலீஷ்ல போய் தமிழ்லயோ வங்காளத்துலயோ சுவாஹிலியிலயோ மொழிபெயர்ப்பாகுது, அதுக்காவது காசு இருக்கு. கீழ இருந்து மேல வர்றதுக்கு வழியே இல்ல. அங்கன்வாடி அக்கா தன் நோட்டுல தமிழ்ல எழுதி வெச்சிருக்கறதை யாரும் படிச்சு மேல கொண்டு போறதில்ல, எண்ணிக்கையை மட்டும் ஃபார்ம்ல ஏத்திடறாங்க. உங்க ஆஃபீஸ் சென்னையில இருக்கு, உங்களுக்குத் தமிழ் தெரியும், இதை நீங்க மாத்த முடியும்.

இன்னொரு ஆபத்து சமீபத்துல எல்லாரும் கண்ணால பார்த்தது. 1961-ல இருந்து நடந்துட்டிருந்த யுஎஸ்எய்ட்ங்கற அமெரிக்க அரசு உதவி அமைப்போட வெப்சைட்டே 2025 பிப்ரவரி முதல் நாள்ல இல்லாம போச்சு, ஜூலை 1-ஓட அது உதவி வேலையையே முறைப்படி நிறுத்திடுச்சு. அவங்க பல பத்து வருஷமா சேர்த்து வெச்சிருந்த ஆவணக் களஞ்சியத்துல லட்சத்துக்கும் மேல ப்ராஜெக்ட் அறிக்கை, மதிப்பீடு இருந்துச்சு, அதுவும் கூடவே கண்ணை மூடுச்சு. எத்தியோப்பியா பஞ்சத்துக்கப்புறம் 1985-ல அவங்க காசுல ஆரம்பிச்ச ஃபியூஸ் நெட் பஞ்ச முன்னெச்சரிக்கை தளம் மாசக்கணக்கா இருட்டுல இருந்துட்டுதான் திரும்ப வந்துச்சு. 1984-ல இருந்து 90 நாட்டுக்கு மேல அவங்க காசுல வீடு வீடாப் போய் எடுத்த டிஎச்எஸ்ங்கற மக்கள்தொகை, சுகாதார சர்வே நின்னு போச்சு, அப்புறம் வேற இடத்துல நிதி தேடி ஓரளவுக்கு உயிர் குடுத்தாங்க. நம்ம நாட்டுல 1992-93-ல ஆரம்பிச்ச தேசிய குடும்ப நல ஆய்வும் அதே முறையில வளர்ந்ததுதான். தன்னார்வலர்கள் ராத்திரி பகலா உக்காந்து முடிஞ்ச வரைக்கும் காப்பி எடுத்து வெச்சாங்க, அவங்களுக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கு. இதனால உங்களுக்கு என்னன்னா, உங்க போர்ட்டல்ல போடற எதையும் அங்க மட்டும் வைக்காதீங்க. அந்தந்த மாவட்ட அலுவலகத்துல, ஒரு பல்கலைக்கழக நூலகத்துல, கூட்டாளி என்ஜிஓ கிட்ட ஒரு பிரதி இருக்கட்டும். யாரோட கிராமத்தைப் பத்தின அறிக்கையோ அந்தக் கிராமத்துப் பஞ்சாயத்துக்கு ஒரு பிரதி தமிழ்ல போகட்டும்.

சரி, நீங்க எங்க இருந்து ஆரம்பிக்கறது. முதல் மாசம் எதையும் கட்டாதீங்க, ஊர் ஊராப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன தடவை ஒரு சிக்கல் வந்தப்ப யாருக்கு போன் பண்ணீங்க?" பத்து இருபது பேர்கிட்ட கேட்டா அதே நாலஞ்சு பேர் திரும்பத் திரும்ப வருவாங்க, அதுல ஒருத்தர் டிரைவரா இருக்கலாம், ஒருத்தர் ரிட்டயரான அக்கவுன்டன்ட்டா இருக்கலாம். உங்க அமைப்போட அறிவு வலை அதுதான், ஏற்கனவே இருக்கு. அவங்க வேலையை லேசாக்கற மாதிரி எதையாவது செய்யுங்க, அவங்க பண்றதை அவங்க வருஷாந்திர மதிப்பீட்டுல எழுத வைங்க, அது ரொம்ப முக்கியம்.

அப்புறம் எந்தப் புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு நாள் ஒதுக்கி, அதே மாதிரி வேலையை வேற இடத்துல செஞ்ச நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வைங்க. பீர் அசிஸ்ட்னு இதுக்குப் பேர், 1990கள்ல பிபி எண்ணெய் கம்பெனியில ஆரம்பிச்சு வளர்ச்சித் துறைக்கு வந்தது. திட்டம் எழுதி முடிச்சப்புறம் கூப்பிட்டா யாரும் எதையும் மாத்த மாட்டாங்க, எழுதறதுக்கு முன்னாடியே கூப்பிடணும், வந்தவங்க லெக்சர் குடுக்கக் கூடாது, முதல்ல அந்த ஊரைப் பத்திக் கேள்வி கேக்கணும்.

எதையாவது எழுதி வெச்சே ஆகணும்னா, "சிறந்த நடைமுறை"னு தலைப்புப் போடறதை விட்டுட்டு, இது இங்க வேலை செஞ்சதுக்கு என்னென்ன இருந்தே ஆக வேண்டியிருந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. யார் வீட்ல முடிவெடுக்கறாங்க, எந்த அதிகாரி அந்த ரெண்டு வருஷம் மாறாம இருந்தார், மழை எப்படி இருந்துச்சு, எந்தக் கட்சி பஞ்சாயத்துல இருந்துச்சு, எது கிட்டத்தட்ட கெட்டுப் போய் யாரோ ஒருத்தரால தப்பிச்சது. எழுத வராதவங்களைப் பேச விட்டு ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அவங்க பேச்சுத் தமிழ்லயே இருக்கட்டும், சுத்தம் பண்ணாதீங்க. தோத்துப் போன விஷயத்தைச் சொல்றவங்க பேர் டோனர் அறிக்கையில வராதுன்னு முன்னாடியே உறுதி குடுங்க, அந்த உறுதியைக் காப்பாத்துங்க, ஒரு தடவை மீறினீங்கன்னா அதுக்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

போர்ட்டலை உடனே கேக்கறாங்கன்னா, மேலதிகாரிகிட்ட ஆறு மாசம் டைம் வாங்குங்க. வாங்கிட்டு, உங்க ஆஃபீஸ்ல வர்ற மார்ச்சோட ஒப்பந்தம் முடியப் போறவங்க பட்டியலை எச்ஆர்ல கேட்டு எடுங்க. அதுல ஃபீல்ட்ல அதிக வருஷம் இருந்தவங்க யாருன்னு பாருங்க. இந்த வாரமே அவங்களோட ஒரு நாள் ஊருக்குப் போங்க, புதுசா வர்றவங்க யாருன்னு தெரிஞ்சா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, பஸ் டிக்கெட்டுக்கும் படிக்காசுக்கும் முதல்ல அனுமதி வாங்கிடுங்க.